பழவேற்காட்டுத் ‘திறந்த வாயி’லும் உலகாயத மறுப்பும்

உலகமும் உலகத்துப் பொருள்களும் உயிர்கட்கு எதன்பொருட்டு அமைந்தன, அவற்றை நுகர்ந்து கழியும் வாழ்க்கைக்கு முடிந்த பயன் யாது என்னும் வினா, கடவுளுண்மை கொண்ட சமயங்கள் எல்லாவற்றிற்கும் பொதுவாயது. கண்ணாற் காணப்படுவதே பொருள், உடம்பு நுகர்வதே இன்பம், உடம்பு ஒழியின் உயிரும் இல்லை என்னும் உலகாயதர் கூற்றை மறுத்தல் சைவ சித்தாந்திகட்கும் கிறித்தவர்க்கும் ஒத்த கடமையாம். ஒத்த கடமை பூண்ட இவ்விருவரும் அதனை ஆற்றும் வகையில் எவ்விடத்து ஒன்றுபடுவர், எவ்விடத்து வேறுபடுவர் என்பதை ஆராய்தற்கு, தமிழகத்துக் கடற்கரையூர் ஒன்றிலிருந்து எழுந்த பழைய நூலொன்று பெரிதும் பயன்படுவதாகும். அது, பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் சமயபோதகராயிருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ் என்பார் இயற்றியதும், ‘மறைந்து கிடக்கும் புறச்சமயத்திற்குத் திறந்த வாயில்’ எனப் பொருள்படும் பெயருடையதுமான ஒல்லாந்து மொழி நூலாம்.

நூல் வரலாறு

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, உவர்நீர் ஏரியும் கடலும் கூடும் முகத்துவாரத்தை அடுத்துள்ளது. அவ்வூரில் ஒல்லாந்தர் 1610-இல் பண்டசாலை அமைத்து, 1613-இல் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். 1690-இல் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படுங்காறும் சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்திற்குத் தலைமையிடம் அதுவே. ரொஜேரியஸ் 1632 முதல் 1642 வரை பத்தாண்டுகள் அவ்வூரில் வாழ்ந்தார். போர்ச்சுகீசியர் ஆட்சியிலிருந்த கோவாவினின்று நீங்கி வந்து தங்கிய பத்மநாபர் என்னும் அந்தணர் அவர்க்கு நண்பராயினார். இருவர்க்கும் தெரிந்த போர்ச்சுகீசிய மொழியே அவர்தம் உரையாடலுக்குக் கருவியாயிற்று. போதகர் 1649-இல் இறந்தபின், அவர் எழுதி வைத்தவை 1651-இல் லெய்டன் நகரில் அச்சேறின. 1663-இல் செருமானிய மொழியிலும் 1670-இல் பிரஞ்சு மொழியிலும் அந்நூல் பெயர்க்கப்பட்டது. 1915-இல் வடமொழிப் புலவர் காலண்ட் என்பார் அதனைத் திருத்தமாக மீண்டும் பதிப்பித்தார்.

நூல் இருபகுதியாய் இயன்றது. முதற்பகுதி அந்தணரின் வாழ்க்கை ஒழுக்கங்களையும், இரண்டாம் பகுதி அவர்தம் கடவுட்கொள்கை வழிபாடுகளையும் கூறும். அவற்றோடு பர்த்ருஹரியின் வைராக்கிய நூறும் நீதி நூறும் பத்மநாபர் சொல்லக் கேட்டு எழுதிய மொழிபெயர்ப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளன; காமம் பற்றிய நூறு சேர்க்கப்படவில்லை. வடமொழி நூலொன்று ஐரோப்பிய மொழியிற் பெயர்க்கப்பட்டு அச்சேறியது இதுவே முதன்முறை என்பர். பிறசமயத்தாரைப் பேய்வழிபாட்டினர் என ஒரு சொல்லில் இகழ்ந்து ஒதுக்குதல் பெருவழக்காயிருந்த காலத்தில், அவர் சொல்வதை அவர் வாயாலே கேட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதப் பெரிதும் முயன்ற நேர்மை இப்போதகர்பால் உண்டு. அதனை மறைத்தல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று.

உலகாயதர் எண்ணப்பட்ட இடம்

இந்நூலில் அந்தணரிடையே நிலவிய சமய வேறுபாடுகளைத் தொகுத்துரைக்குமிடத்து, வைணவர், சைவர், சுமார்த்தர் முதலியோரோடு சார்வாகரும் ஒரு வகுப்பினராக வைத்து எண்ணப்பட்டனர். இம்மை யன்றி மறுமை யில்லை என்போர் அவர் என அறிமுகம் செய்யப்படுகின்றனர். ஈண்டு நோக்கத்தக்க குறைகள் இரண்டு.

முதலாவது, வகைப்பாடு பற்றியது. சைவ சித்தாந்திகள் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என முறைப்படுத்துவர். அம்முறையில் உலகாயதம் புறப்புறச் சமயங்களுள் ஒன்று. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் முதற்கண் மறுக்கப்படுவதும் அதுவே. ஓர் அறையிற் பல விளக்குகளை வரிசையாக வைத்தாற்போலச் சமயங்களை ஒருநிகராக எண்ணுதல் சித்தாந்த முறையன்று. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகள் அமைந்தாற்போல எண்ணுதலே முறையாம். உலகாயதன் காட்சியளவையை உடன்பட்டமை ஒரு படி. அதனோடு நின்றுவிட்டமை அவன் குறை. இவ்வேறுபாடு ஒல்லாந்தரின் பட்டியலில் விளங்கவில்லை.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. சார்வாகர் என்பார் பழவேற்காட்டில் எத்துணையர் இருந்திருத்தல் கூடும்? அப்பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டு கோயிலும் மடமும் இன்றித் திரிந்தார் சிலர் இருந்தனர் என்றே கொள்ளினும், அவரால் அவ்வூருக்கு விளைந்த தீங்கு சிறிதே. ஆயின், உடம்பும் பொருளுமே உறுதி யென வாயாற் சொல்லாது செயலாற் காட்டிய கூட்டமொன்று அவ்வூர்க் கோட்டைக்குள்ளேயே இருந்தது. போதகர்க்கு ஊதியம் அளித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியே அது. துணியும் வெடிமருந்தும் மட்டுமன்றி, அப்பதினேழாம் நூற்றாண்டில் மக்களும் அத்துறைமுகத்திற் சரக்காயினர். பஞ்சமும் போரும் வருத்திய காலங்களில் விற்கப்பட்டோரும் கவர்ந்து கொணரப்பட்டோருமாகப் பல்லாயிரவர் அடிமைகளாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். மக்களுயிரைத் தொகைக்கணக்கில் வரவு செலவாக எழுதுதலினும் மிக்க உலகாயதம் பிறிதொன்று இல்லை.

நூலின் பொருளெல்லை அந்தணரின் ஒழுக்கமும் வழிபாடுமே யாகலின், கம்பெனியாரின் ஒழுக்கத்தை அதன்கண் தேடுதல் பொருந்தாது என ஒருவர் தடை நிகழ்த்தலாம். தடை ஒப்பத்தக்கதே. ஆயினும் வாயில் என்பது இருபுறமும் திறப்பது. பிறர் வீட்டினுள் நோக்குதற்குத் திறந்த வாயிலின் வழியே, நோக்குவார்தம் வீடும் புலப்படுதல் தவிராது. உலகாயதம் பிறர் சமயப் பட்டியலில் ஒரு பெயராக அமைந்துவிட்டவிடத்து, அது தன் மனையில் உண்டு உறங்குதலைக் காணாமை எளிதாகின்றது. இதுவே அந்நூல் கற்பிக்கும், ஆயின் தன் வாயாற் கூறாத, பெரும் பாடமாம்.

கிறித்தவர்தம் மறுப்பு

கிறித்தவ நூல்களில் இப்பாடம் இல்லையோ எனின், உண்டு. மிக வன்மையாகவே உண்டு. விளைவு மிகுந்தமை கண்டு களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்டக் கருதிய செல்வன் ஒருவன் அன்றிரவே உயிர் துறந்தான் என்னும் உவமைக் கதை லூக்கா எழுதிய நற்செய்தியிற் காணப்படுவது. கடவுளுக்கும் செல்வத்திற்கும் ஒருங்கே ஏவல் செய்தல் இயலாதென்பது அச்சமயத்தின் அடிப்படை உரைகளுள் ஒன்று. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகுஸ்தீன் என்னும் ஆசிரியர், பயன்கொள்ளத் தக்கன உலகப்பொருள்கள், துய்த்து மகிழத் தக்கவன் கடவுள் ஒருவனே. பயன்கொள்ளத் தக்கதைத் துய்த்தற்குரிய முடிபொருளாகக் கருதுதலே உயிரின் கோட்டம் எனப் பகுத்துணர்த்தினார். ரொஜேரியஸ் சார்ந்த சீர்திருத்தச் சபையினர்க்குத் தலையாய ஆசிரியரான கால்வின், இவ்வுலக வாழ்வையும் அதற்குரிய துணைப்பொருள்களையும் பயன்படுத்தும் நெறியைப் பற்றித் தம் பெருநூலில் தனி இயலே வகுத்தார். பொருளை முற்றும் வெறுத்தலும் அதில் மூழ்குதலும் ஆகிய இரண்டையும் விலக்கி, வழிச்செல்வோன் வழியுணவைக் கொள்ளுமாறு கொள்க என்பது அவ்வியலின் சாரம்.

இவையெல்லாம் கோட்டைக்குள் ஞாயிறுதோறும் படிக்கப்பட்ட மறைநூலிலும் அதன் விளக்கங்களிலும் இருந்தனவே. இருந்தும் கப்பல்கள் நின்றில. ஆதலின் உலகாயதத்தைக் கொள்கையளவில் மறுத்தல் வேறு, செயலளவில் அதனின் நீங்குதல் வேறு என்பது தெளிவு. இவ்வேறுபாட்டைக் கிறித்தவ ஆசிரியர்களும் பிற்காலத்து வெளிப்படையாகவே ஒப்பினர். இரண்டாம் யோவான் பவுல் என்னும் பாப்பரசர் 1995-இல் விடுத்த உயிரின் நற்செய்தி பற்றிய சுற்றுமடலில், கடவுளுணர்ச்சி மங்கியவிடத்துச் செயலளவிலான உலகாயதம் தோன்றுமெனக் குறித்து, இருத்தலைவிட உடைத்தல் பெரிதாக எண்ணப்படுதலை அதன் அடையாளமாகக் கூறினார். பிரான்சிஸ் பாப்பரசர் 2015-இல் விடுத்த சுற்றுமடல், நிலமும் நீரும் அளவின்றி நுகரப்படும் சரக்காதலை அந்நோயின் மற்றொரு வடிவாகக் காட்டியது. ரொஜேரியஸின் பட்டியலில் விடுபட்ட வகுப்பு ஏறக்குறைய முந்நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அச்சமயத்தாராலேயே பெயரிட்டு எண்ணப்பட்டது என்னலாம்.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ளது. அதன் வாயிலில் எலும்புருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. நிலையாமையை நினைப்பூட்டும் மணற்கடிகையும் மண்டையோடும் அவற்றோடு காணப்படும். செல்வம் ஈட்ட வந்தோர் தம் அடக்கத்தின் வாயிலில் செல்வத்தின் நிலையாமையையே கல்லிற் பொறித்தனர். பர்த்ருஹரியின் வைராக்கிய நூறு போதகரின் ஏட்டிலும், எலும்புருவம் கல்லிலும் ஒன்றையே உணர்த்தின. நிலையாமை அறிவு அவர்பால் இல்லாமலில்லை. அவ்வறிவு கைக்கு வாராமை ஏன் என்பதே வினா.

சித்தாந்தத்தின் விடை

இவ்வினாவுக்குக் கிறித்தவர் கூறும் விடை ஆதிப்பாவம் என்பது. முதல் மனிதன் கட்டளை கடந்தமையின் அவன் வழிவந்தோர் அனைவரின் விருப்பமும் படைத்தோனை விட்டுப் படைப்பின்பாற் சாய்ந்தது என்பர். அறிந்தும் செய்யாமைக்கு அறியாமை மட்டும் காரணமன்று, உயிரைப் பற்றிய கட்டு ஒன்று உண்டு என்னும் அளவில் இவ்விடை சித்தாந்தத்தோடு ஒக்கும். ஒத்தலை ஒப்புதலே நடுநிலைமை. ஆயின் இன்மையினின்று உலகும் உயிரும் கடவுளின் சங்கற்பத்தால் தோன்றின எனின், தூயோன் ஆக்கிய தூய உயிர்க்குத் தீயதன்பால் விருப்பம் எங்கிருந்து வந்தது என்னும் வினா எஞ்சி நிற்கும். அதனை உயிர்க்கு அளிக்கப்பட்ட உரிமையின் பிழைபாடு என அவர் கூறுவர். உரிமை பிழையாயதற்குக் காரணம் பின்னும் வினவப்படும்.

சித்தாந்தம் கூறுவது, ஆணவமலம் செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உள்ளது என்பது. பதி அதனைப் படைத்தானல்லன்; அதனை நீக்குதற்பொருட்டே மாயையினின்று தனு, கரணம், புவனம், போகம் என்பவற்றைத் தோற்றுவித்து உயிர்க்குக் கூட்டுகின்றான். எனவே உலகம் பொய்த்தோற்றமும் அன்று, முடிந்த பயனும் அன்று; மருந்து. ஆடையின் அழுக்கை நீக்குதற்கு வண்ணான் சாணமும் உவரும் பிசைந்து மற்றோர் அழுக்கை ஏற்றி வெளுப்பான் என்னும் சித்தியார் உவமை, துணியால் வாழ்ந்த பழவேற்காட்டார்க்கு மிக எளிதிற் புலப்படுவதொன்று. உவரை உவரென்று அறியாது அதனையே ஆடையின் அணியெனப் பூசிக்கொள்வோன் உலகாயதன். உவர் தீண்டத்தகாதது என ஆடையை அழுக்கோடே வைத்திருப்போன் உலகை வெறுத்தலையே வீடெனக் கருதுவோன். இருவர் ஆடையும் வெளுக்கமாட்டா.

இதனால் பெறப்படுவது யாதெனின், செயலளவிலான உலகாயதம் தருக்கத்தால் மட்டும் தீராது என்பதாம். அது கொள்கைப்பிழை மாத்திரமன்று, யான் எனது என்னும் மலப்பிடிப்பு. ஆகலின் அதற்கு மருந்து, பொருளைக் கையாளும் கையின்கண்ணேயே தொடங்கல் வேண்டும். சரியை கிரியைகளில் உடம்பும் உடைமையும் இறைபணியிற் படுத்தப்படுவதன் உள்ளுறை இதுவே.

துறவும் முதல்மீனும்

இந்நோக்கோடு ரொஜேரியஸின் நூலை மீண்டும் நோக்குமிடத்து, அதன் மற்றொரு குறையும் விளங்கும். தமிழகத்து மக்களின் வாழ்க்கைப்பொருள் பற்றிய கருத்தாக அவர் ஐரோப்பாவிற்கு எடுத்துச் சென்றது வைராக்கிய நூறு. அது வடமொழியிற் சிறந்த நூலே. ஆயினும் அரச வாழ்வின் கசப்பை நுகர்ந்தான் ஒருவன் காடு நோக்கிய குரலே அதன்கண் மேலோங்கியது. அதனை மட்டும் கற்ற ஐரோப்பியர், இந்நாட்டார்க்கு ஞானமென்பது உலகை உதறுதலே என முடிவுகட்டுதற்கு இடமாயிற்று. சான்று கூறினோர் அந்தணரே யாதலின், போதகரின் இல்லத்துக்கு எதிரே ஏரியில் வலை வீசியோர் தம் வழிபாட்டைக் குறித்து என்ன கருதினர் என்பதை அவர் வாய்மொழியாகக் கூறும் நிலை நூலில் இல்லை. ஊருக்கு அணித்தாயுள்ள திருப்பாலைவனத்துச் சிவன்கோயில் அன்றும் இருந்ததே. அங்கு வழங்கிய தமிழ்மறையின் பொருளுக்கும் அந்நூலில் இடம் வாய்த்திலது.

கேட்டிருப்பின் அவர் அறிந்திருக்கக்கூடியது அதிபத்த நாயனார் வரலாறு. நாகப்பட்டினத்து நுளைப்பாடியிற் பரதவர் தலைவராய்த் தோன்றிய அந்நாயனார், நாள்தோறும் வலையிற் படும் முதல்மீனைச் சிவபெருமானுக்கெனக் கடலில் விடுவார். மீன்பாடு குன்றி நாளொன்றுக்கு ஒரு மீனே கிடைத்த காலத்தும், சுற்றம் பசித்திருக்க, அதனையும் விட்டார். ஒருநாள் அவ்வொரு மீன் பொன்னும் மணியுமாய் வந்தது. அதனையும் விட்டார் என்பது சேக்கிழார் பெருமான் திருவாக்கால் அறியப்படும். ஒல்லாந்தர் தம் தலைமையிடத்தைப் பழவேற்காட்டினின்று மாற்றிக்கொண்டது அந்நாயனாரின் ஊராகிய நாகப்பட்டினத்துக்கே என்பது கருதற்பாலது.

ஈண்டு நாயனார் வலையைத் துறந்தாரல்லர். பொன் பொய்யென்றும் கூறினாரல்லர். அது பொன்னாயினும் முதல்மீனாதலின் தமதன்று என்பதே அவர் துணிபு. கலிலேயக் கடலில் வலையை விட்டுப் பின்சென்ற பேதுரு முதலியோரைக் கிறித்தவர் போற்றுவர். அவர் நூலிலும் முதல்மீன் ஒன்று வருகின்றது. கோயில் வரி செலுத்தும்பொருட்டுப் பேதுரு தூண்டிலிட்டு எடுத்த முதல்மீனின் வாயில் நாணயம் இருந்தமை மத்தேயு எழுதிய நற்செய்தியிற் கூறப்படும். அங்கே மீன் பொருளைக் கொணர்ந்து கடமையை நிறைவேற்றுவித்தது. இங்கே மீன் தானே பொருளாய் வந்து பற்றைச் சோதித்தது. இரண்டிடத்தும் பொருள் இகழப்படவில்லை, உரியவனிடம் சேர்க்கப்பட்டது. உலகாயத மறுப்பில் இருசமயத்தாரும் மிக அணுகி நிற்கும் இடம் இதுவாம். நூலிற் கண்ட கொள்கைகளைவிட, நாள்தோறும் வலையில் முதலில் வருவதை என்செய்வது என்னும் கேள்விக்கு விடை கூறுமிடத்தே இவ்வணுக்கம் தோன்றுகின்றது.

ஏரியின் பாடு

பழவேற்காட்டு மீனவரிடையே ‘பாடு’ என வழங்கும் முறையொன்று உண்டு. முகத்துவாரத்தை அடுத்து இறால்வளம் மிக்க இடங்களில் வலைகட்டும் உரிமை, கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்னும் ஊர்களின் தலைக்கட்டுகளிடையே முறைவைத்துப் பங்கிடப்பட்டு வந்தது. ஊர்கூடிச் சீட்டெடுத்து முறை வகுப்பர். நல்லிடத்தில் ஒருமுறை வலைகட்டியவன் அடுத்த முறைக்குப் பிறர்க்கு இடம்விட்டு நீங்கல் வேண்டும். ஒருவர் பெயரில் அமைந்த ஊரும் பிறிதொருவர் பெயரில் அமைந்த ஊரும், மரியன்னையைத் தொழுவாரும் அம்மனைத் தொழுவாரும், ஏரியை ‘எனது’ என்னாது ‘முறை’ என்றே கூறும் ஒழுங்கு இது.

இதனைப் பொன்னுலக ஒழுங்கெனப் புகழ்தலும் வேண்டா. மரபுரிமை வாய்ந்த குலத்து ஆடவர்க்கே அது உரியதாய் நின்றமையின், வலையின்றி நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளரும், பெண்டிரும், பிற குலத்தாரும் அதற்குப் புறத்தே நின்றனர். அதனாற் பூசல்களும் எழுந்தன. ‘எனது’ என்பது ஒருவன்பால் நீங்கிக் குலத்தின்பால் தங்கினும் மலம் மலமே. ஆயினும் கோட்டையாரின் கணக்கேட்டுக்கும் குப்பத்தாரின் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னது கொள்ளத்தக்க அளவு முழுவதையும் கொள்வது. பின்னது கொண்டபின் எழுந்து இடம்விடுவது. கம்பெனியின் கோட்டை இன்று இடிபாடாயிற்று. பாடு முறையோ, எண்ணூர் காட்டுப்பள்ளிப் பக்கங்களிலிருந்து துறைமுகங்களும் ஆலைகளும் நெருங்கிவரும் இக்காலத்தும் மீனவர் வாழ்விற் பேசப்படும் பொருளாய் உள்ளது.

முடிபு

மேற்கூறியவாற்றால் விளங்குவன மூன்று. உலகம் முடிந்த பயனன்று, ஆயினும் பயனற்றதுமன்று என்பதில் கிறித்தவமும் சித்தாந்தமும் ஒன்றுபடும். அப்பயனை ஒரு பிறவியின் எல்லைக்குள் வைத்து முடிவுத் தீர்ப்பை நோக்குவது கிறித்தவம். பல பிறவிகளினூடே மலபரிபாகத்தை நோக்குவது சித்தாந்தம். ஆயினும் மானிடப் பிறவி கிட்டுதல் கடலைக் கையால் நீந்திக் கடத்தற்கு ஒப்பெனச் சித்தியார் அறிவுறுத்தலின், பல பிறவிக் கொள்கை சோம்பற்கு இடந்தருமென்னும் பழிப்பு பொருந்தாது. மூன்றாவது, கொள்கையால் உலகாயதத்தை வென்றார் செயலால் அதற்குத் தோற்றல் எச்சமயத்திற்கும் உரிய இடர் என்பது.

இம்மூன்றாவது, பழவேற்காட்டு ஒல்லாந்தரை மட்டும் நோக்கிக் கூறப்பட்டதாகச் சைவர் கொள்ளுதல் பெரும்பிழையாம். பரபக்கத்தின் முதற்பகுதியைப் பாடங்கேட்டு, உலகாயதன் வாயடைந்தான் என மகிழ்ந்து எழுந்து, கோயிற்பொருளையும் அறக்கட்டளை நிலத்தையும் தன்னுடைமைபோல ஆள்பவன், கெல்டிரியாக் கோட்டைக்குள் மறைநூல் கேட்டிருந்தவனின் உடன்பிறப்பே. ரொஜேரியஸ் தம் நூலுக்கு இட்ட பெயர் நன்று. வாயில் திறந்தேயுள்ளது. அதன்வழி முதற்கண் பார்க்கற்பாலது தன் வீட்டின் உள்ளறையாம்.